பதினேழாம் சங்கத்துக்கு வந்த கடிதம்

காலை 10.10க்குத் தராசு ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தார். மொத்தமே ஆறு நிமிடம்தான் ஆனது. அதிலும் இரண்டு நிமிடம், திரையில் படம் வராமல் வயரை ஆட்டிக்கொண்டிருந்ததில் போயிற்று.

எழுத்தை நிறுத்துப் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம். அவரிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டார். எத்தனை 'ஆனால்', எத்தனை 'கூட', வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணிவிட்டு, எழுதியது இன்னார் என்பார். "விரல் ரேகையை அழிச்சிடலாம் சார், 'ஆனால்' போடற பழக்கத்தை அழிக்க முடியாது" என்பது, பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டுகூட அவர் சொல்லிப் பார்த்த வசனம்.

அன்று காலை திரையில் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒன்று மொட்டைக் கடிதம். மற்றது, வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்கிற சைக்கிளக்காவின் கள அறிக்கைகள், எழுபத்துநான்கு.

"எவ்வளவு உறுதி?" என்றார் ஆய்வு மையத்தின் இயக்குநர்.

"தொண்ணூத்தாறு சதவீதம், மேடம்."

"மிச்சம் நாலு?"

"அடக்கத்துக்காக வெச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் சிரிப்பதற்கானதும் இல்லை. குடிமைச் சமூகத்தைப் பற்றி ஆராயும் அந்த மையம் மூன்று வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கம், ஏரிக் காவல் குழு, ரத்ததான வட்டம், நூலக நண்பர்கள் என்று ஊருக்காக உழைக்கிற 212 சங்கங்கள் எப்படி உழைக்கின்றன, உழைத்த களைப்பில் எப்படிச் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று கேட்டு எழுதியது. புத்தகம் அச்சுக்குப் போக இருபது நாள் இருந்தது. பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: யார் சொன்னது என்பது வெளியே போகாது.

போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை பதினேழாம் எண் சங்கத்தின் தலைவருக்குப் பெயர் போடாத இரண்டு பக்கக் கடிதம் வந்தது. அதன் நடுவில் இப்படி இருந்தது:

'உங்கள் சங்கத்தில் முந்நூறு உறுப்பினர்கள் என்கிறீர்கள். அதில் பாதிப் பேர் இறந்துபோனவர்கள். இதைச் சொன்னது உங்கள் பொருளாளர்தான். போன மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஆய்வாளரிடம் மனம் விட்டுச் சொன்னார். ஆய்வு என்று வருகிறவர்களை இனிமேலாவது வாசலோடு நிறுத்துங்கள்.'

பொருளாளரைச் சங்கத்தை விட்டுத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதினோரு சங்கங்கள், 'எங்கள் பேட்டியைத் திருப்பிக் கொடுங்கள்' என்றன.

எல்லாரும் சைக்கிளக்காவைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயது. எந்தத் தெருவுக்கும் சைக்கிளில்தான் போவார். கதவைத் திறக்காதவர்கள்கூட அவருக்கு நாற்காலி போடுவார்கள். வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

"நான் எழுதல" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சார் கணக்கு தப்புன்னும் சொல்லமாட்டேன்."

இயக்குநர் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். "விளக்கம் எழுதிக் கொடுங்க. நாலு மணிக்குக் குழு கூடுது. விளக்கம் இல்லேன்னா வேலையும் இல்ல, புத்தகத்துல பேரும் இல்ல."

"வாயால சொல்றேன் மேடம்."

"எழுத்துல வேணும்."

"அப்ப வேண்டாம்" என்றார் சைக்கிளக்கா. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

*

10.45. தராசுக்கு டீ இறங்கவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். காப்பியடித்த பேராசிரியர், மாமனாருக்கு மொட்டைக் கடிதம் போட்ட மருமகன். பிடிபட்ட எல்லாரும் முதலில் திட்டுவது தராசைத்தான். 'உன் கணக்கைக் குப்பையில போடு' என்பார்கள். அப்படித் திட்டினால் அவருக்கு நிம்மதி. இந்த அம்மா என்னடாவென்றால் தராசுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுக் குற்றத்தை மறுக்கிறார்.

மிச்சம் வைத்த நாலு சதவீதத்துக்காக அவர் பட்டியலை மறுபடி எடுத்தார்.

பதினேழாம் பேட்டி தெரிந்தவர்கள் நாலே பேர். எடுத்தவர் சைக்கிளக்கா. படித்துக் கையெழுத்துப் போட்டவர் இயக்குநர். எண்ணாக மாற்றியவர் புள்ளி என்கிற புள்ளியியல்காரர். ஒலிப்பதிவைக் கேட்டுப் பேட்டியை அப்படியே தட்டச்சு செய்தவர் காது. முதல் மூவரின் எழுத்தையும் தராசு நிறுத்தாயிற்று. காதுவின் பெயரில் ஒரு வரிகூட எங்கும் இல்லை. அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்கிறவருக்குச் சொந்த நடை ஏது என்று பட்டியலில் அவருக்கு நேரே ஒரு கோடு இழுத்திருந்தார்.

11.15. புள்ளியின் அறை.

"வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் எங்க இருந்தீங்க?"

"மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரில. சாட்சிக்கு மாமியார் இருக்காங்க. ஆனா ஒரு கண்ணுதான்."

"புத்தகத்துல உங்க பேரு எத்தனாவது?"

"நீங்க போட்ட வரிசைதானே? மூணாவது."

அது உண்மை. ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடுகிற அந்த அட்டவணை தராசின் குழந்தை. யோசித்தவருக்கு இத்தனை, களத்துக்குப் போனவருக்கு இத்தனை, அறிக்கை எழுதியவருக்கு இத்தனை, எண்ணியவருக்கு இத்தனை என்று கட்டம் போட்டு, யார் எத்தனை பங்கு ஆசிரியர் என்று அளந்து, மூன்று வாரம் முன்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அன்று முழுக்கப் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று பாராட்டுகளை வாங்கிக்கொண்டார். ஜோக்குகளையும் தாராளமாக விநியோகித்தார். காது வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல எனக்கு எந்தக் கட்டம் சார்?" என்று கேட்டபோது, "உங்களை எதுக்குங்க கட்டத்துக்குள்ள அடைக்கணும்? நன்றியுரையில காத்தோட்டமா வெச்சிருக்கோம்" என்றார். தாழ்வாரமே சிரித்தது.

"ரெண்டாவதா இருக்கிறது சைக்கிளக்கா" என்றார் புள்ளி. "அவங்க போனா நான் ரெண்டாவது. அதைத்தானே கேக்கறீங்க?"

"அதைத்தான்."

"நினைச்சுப் பாத்ததுண்டு. எழுதினதில்ல. நான் எழுதியிருந்தா அதுல ஒரு அட்டவணையாவது இருந்திருக்கும்."

தராசுக்கு அது நியாயமாகப் பட்டது.

11.50. வரவேற்பு மேசையில் இருக்கிற அம்மாவைக் கேட்டார். "சைக்கிளக்கா எப்ப உக்காந்து எழுதுவாங்க?"

"எழுதறதா? நான் பாத்ததில்ல சார். செவ்வாய்க்கிழமையானா மாடிப்படியில உக்காந்து அந்த ரெக்கார்டர்கிட்ட பேசிட்டு இருப்பாங்க. அரை மணி, முக்கா மணி. பேட்டிதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன பேச்சோ! வேலை அழுத்தம் சார், பாவம்."

தராசு அதைக் குறிப்பேட்டில் எழுதினார். 'தனியாகப் பேசுகிறார்.' பக்கத்தில், 'நானும்தான்.'

12.10. காதுவின் அறை. ஜன்னலில்லாத சின்ன அறை, சுவரெல்லாம் அட்டைப்பெட்டி. காதில் மாட்டியதைக் கழற்றாமலே அவர் நிமிர்ந்தார். காலடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். ஐம்பத்திரண்டு வயதில் பாதியை அவர் அந்த மிதிகட்டையில்தான் கழித்திருந்தார்.

"பதினேழாம் பேட்டி ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே ஞாபகம் இருக்கு சார்."

"சைக்கிளக்கா அந்தக் கடிதத்தை எழுதியிருப்பாங்களா?"

மிதிகட்டை ஒருமுறை கிளிக் என்றது.

"அவங்க எழுதல."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"கொஞ்சம் நேரா பதில் சொல்லுங்களேன்."

"என் வேலை கேக்கறது சார். சொல்றது இல்ல." மறுபடி மிதித்தார். அவருக்கு மட்டும் யாரோ பேசத் தொடங்கினார்கள்.

*

1.20. தள்ளிவைக்கப்பட்ட பொருளாளரின் வீடு. கெட்டியான கண்ணாடி போட்ட ஓய்வு பெற்ற ஆசிரியர். தகரக் கூரை போட்ட முன்னறையில் தராசை உட்கார வைத்தார். பேட்டி நடந்ததும் அங்கேதான்.

"போன மாதம் ஒன்பதாம் தேதி சைக்கிளக்கா வந்தாங்களா?"

"வந்தாங்க. தண்ணி கேட்டாங்க, குடிச்சாங்க. அதுக்கப்புறம் நான் ஏன் அவ்வளவு பேசினேன்னு எனக்கே தெரியல. கேக்கற மாதிரி கேட்டாங்க சார். முப்பது வருஷமா என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல." வாசலைப் பார்த்தார். "இப்ப காலையில நடக்கப் போனா ஒருத்தன் கூட வரமாட்டேங்கிறான்."

"வேற யாராவது கூட வந்தாங்களா?"

"இல்ல. நான், அவங்க, அந்தக் கையடக்க மெஷின். அவ்வளவுதான்."

அப்போது கூரையில் சடசடவென்று கொட்டத் தொடங்கியது. தராசு துள்ளி எழுந்தார். வாசலில் புதுச் செருப்பு. மனைவி பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது, நனைந்தால் வீட்டுக்குள் போக முடியாது. பாய்ந்து போய் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பு சுட்டது.

"தண்ணித் தொட்டி நிரம்பி வழியுது சார்" என்றார் பொருளாளர். "பக்கத்து வீட்டுத் தொட்டி. மோட்டாரைப் போட்டா மறந்துடுவாங்க. தகரத்துல விழுது. மழையா? மழையைக் கண்ணால பாத்து மூணு மாசமாச்சு."

தராசு செருப்பைக் கீழே வைத்தார். அதற்குள் அவர் மதிப்பும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

2.35. திரும்பும் வழியில் பேருந்தில், தராசுக்கு உடன்பிறந்த அக்காவிடமிருந்து போன்.

"நேத்து நீ அனுப்பினதைப் படிச்சு அழுதுட்டேன்டா தம்பி."

"நானா? என்ன அனுப்பினேன்?"

"அப்பா நினைவு நாளுக்கு அனுப்பினியே. அப்பா சட்டைப் பைய பத்தி... எப்படிடா உனக்கு இதெல்லாம் எழுத வருது?"

தராசு எதையும் அனுப்பவில்லை. அப்பாவின் நினைவு நாள் நேற்று என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அக்காவிடம் தொண்டையைச் செருமிச் சமாளித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"அக்காவுக்கு என் போன்லேர்ந்து நீ ஏதாவது அனுப்பினியா?"

"எப்பவும் அனுப்பறதுதானே. கல்யாணமானதிலேர்ந்து லெட்டர், அப்புறம் மெசேஜ். எல்லாம் நான்தான்."

"என் பேர்லயா?"

"பின்ன என் பேர்ல அனுப்பினா உங்க அக்கா அழுவாங்களா?"

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"நீங்க எப்ப படிச்சிருக்கீங்க? எண்ணத்தானே செய்வீங்க."

தராசு போனைப் பார்த்தார். நாளைக்கே யாராவது அவருடைய கடிதங்களை நிறுத்தால் என்ன ஆகும்? தராசு சரியாகத்தான் காட்டும். எழுதியது ஒரே கை என்று சொல்லும். அந்தக் கைக்கு அவருடைய பெயரை வைக்கும்.

பேருந்து நிற்பதற்குள் இறங்கி, விழப் பார்த்து, விழாமல் ஓடினார்.

3.05. சைக்கிளக்காவின் பதினேழாம் அறிக்கையை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு தாளை எண்ணாமல் படித்தார். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

*

4.00. குழு கூடியது. இயக்குநர், வெளியிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்கள், புள்ளி, சைக்கிளக்கா. தராசு கேட்டுக்கொண்டதால் காதுவும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். மாட்டும் கருவி கழுத்தில் தொங்கியது.

"காலையில நான் சொன்ன கணக்கு சரி" என்றார் தராசு. "நான் சொன்ன ஆள் தப்பு."

"ரெண்டும் எப்படி?" என்றார் இயக்குநர்.

"அக்கா, ஒன்பதாம் தேதி பொருளாளர் வீட்ல மழையா?"

"மழையா?" சைக்கிளக்கா நிமிர்ந்தார். "சீட்டுல உக்கார முடியாம துணியை நனைச்சுப் போட்டு ஓட்டிட்டுப் போனேன். அப்படி வெயில்."

"ஏதாவது சத்தம்?"

"பக்கத்து வீட்டுத் தொட்டி வழிஞ்சுது. எழுந்து போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டு வந்தேன்."

தராசு கடிதத்தை எடுத்தார். "'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்.' இது மொட்டைக் கடிதம்." அடுத்த தாளை எடுத்தார். "'வெளியே மழை வலுத்ததால் பேச்சைச் சற்று நிறுத்தினோம். மழையும் அவருடைய மனமும் ஒன்றாகத் திறந்துகொண்டன.' இது அறிக்கை, நாலாம் பக்கம். கீழ அக்கா கையெழுத்து."

தராசு இரண்டு தாளையும் அருகருகே மேசைமேல் வைத்தார்.

"அங்க உக்காந்திருந்தவங்க இப்படி எழுத முடியாது. மூணு மாசமா மழையே இல்ல. கடிதத்தை எழுதினவரும் எழுபத்துநாலு அறிக்கையை எழுதினவரும் ஒரே ஆள். அது தராசு சொல்லுது. அந்த ஆள் அந்த வீட்டுக்குப் போனதே இல்ல. அது தண்ணித் தொட்டி சொல்லுது. தகரத்துல தண்ணி விழற சத்தத்தைக் காதால மட்டும் கேட்டவர். நானும் அதே சத்தத்துக்குத்தான் இன்னிக்கு ஏமாந்தேன். சாட்சி, என் செருப்பு."

யாரும் காதுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. அவரே கழுத்திலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மழையை நான்தான் சேர்த்தேன்" என்றார். "அக்கா சொன்னதுல மழை இல்ல. பதிவுல சத்தம் கேட்டுச்சு. ஒரு வரி அழகா இருக்கட்டுமேன்னு சேர்த்தேன்."

"அறிக்கையை அவங்கவங்களே எழுதணும்ங்கிறது விதி" என்றார் இயக்குநர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சைக்கிள்?"

"நான் ஏழாவது வரைக்கும்தான் மேடம்" என்றார் சைக்கிளக்கா. "தெருவோர வியாபாரிகள் சங்கத்துல செயலாளரா இருந்தேன். பேட்டி எடுக்க வந்த பழைய இயக்குநர், நீங்களே பேட்டி எடுங்கன்னு கூட்டிட்டு வந்துட்டாரு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கம் எழுதணும்னா ஒரு நாள் ஆகும். இவருதான், நீ பேசு, நான் எழுதறேன்னாரு. படிக்கட்டுல உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். காலையில சார் கோடு ரெண்டையும் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு யாருன்னு."

"புரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நானும் மாட்டிப்பேன். அது ஒண்ணு." முந்தானையைத் திருகினார். "மூணு வருஷம் என் பேச்சைக் கெடுக்காம எழுதினவரு. அது இன்னொண்ணு."

காது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புத்தகம் நின்னா போதும்னு நினைச்சேன் மேடம். அவ்வளவுதான் நினைச்சேன். அந்த வாத்தியாரைத் தெருவுல நிறுத்திடுவாங்கன்னு நினைக்கல. அக்கா தலையில விழும்னு நினைக்கல. காலையிலேயே வந்து சொல்லியிருக்கணும். வாய் வரல. எனக்கு எழுதித்தான் பழக்கம்."

குழு உறுப்பினர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்ப இந்த எழுபத்துநாலுக்கும் ஆசிரியர் யாரு?"

எல்லாரும் தராசைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர் பதில் சொல்லிவந்த கேள்வி. அவர் இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர்தான் பேசினார். "செஞ்ச தப்புக்குத் தண்டனை. செஞ்ச வேலைக்குப் பேரு. ரெண்டையும் கலக்காதீங்க. வாக்கை மீறினதுக்கு அவருக்கு இன்னியோட இங்க வேலை இல்ல. நாளைக்குக் காலையில என்கூட வந்து பொருளாளர் வீட்லயும் சங்கத்துலயும் நேர்ல மன்னிப்புக் கேக்கணும். சைக்கிள் வேலையில இருப்பாங்க. விதியைத்தான் மாத்தணும், அதைக் குழு பாத்துக்கும். அறிக்கைகள்ல ரெண்டு பேரு வரும். பேசினவங்க, எழுதினவங்க. தராசு, அந்த அட்டவணையைப் போர்டுலேர்ந்து கிழிச்சுட்டு வேற போடுங்க."

"அப்ப நான் நாலாவதா?" என்றார் புள்ளி. இந்த முறையும் யாரும் சிரிக்கவில்லை.

*

5.20. காதுவின் அறை. அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர், கண்ணாடிக் கூடு, பழைய மிதிகட்டை ஒன்று. தராசு கதவருகே நின்றார். கையில் கிழித்த அட்டவணை. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சுருட்டியும் விரித்தும் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினேழாம் அறிக்கையை முழுசாப் படிச்சேன்" என்றார். "எண்ணல. படிச்சேன். மழை வரியைத் தவிர எல்லாம்... இல்ல, மழை வரிகூட நல்லாத்தான் இருந்துச்சு."

காது தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். மூணு வருஷமா எழுதியிருக்கீங்க. அந்தக் கடிதத்தைப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கக் கூடாதா? காலையிலேர்ந்து யாரைக் கேட்டாலும் சுத்திச் சுத்தித்தான் பேசறாங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க."

காது டம்ளரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அன்று முதல்முறையாகத் தராசின் முகத்தை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"வந்தேன் சார். போர்டுகிட்ட. நீங்க காத்தோட்டம்னு சொன்னீங்க."